பல்லேபொலயிலிருந்து வயல்வழியே

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பல்லேபொலப் பக்கம் எந்தப் பாதையையும் நம்பிக் கால் வைக்க முடியாது. நேற்றுச் சைக்கிள் போன தடத்தில் இன்று தண்ணீர் போகும். மேட்டுக் காணியிலிருந்து கரைந்து வரும் செம்மண் வாசற்படி வரை வந்து படியும். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மலைநாட்டின் மேற்குச் சரிவுகளே வாங்கிக்கொள்வதால் இந்த ஊர்களுக்கு உரிய மழை ஒக்டோபரில் தொடங்கி தை மாதம் வரை பெய்கிறது. அதை நம்பித்தான் பெரும்போகம் விதைக்கிறார்கள். பாதை கெட்டுப்போகும் காலமும் ஊர் மனம் நிறைந்திருக்கும் காலமும் இங்கே ஒன்றுதான்.

பல்லேபொல சிறிய ஊர். மாத்தளைக்கு வடக்கே, கண்டி–யாழ்ப்பாணம் ஏ-9 வீதியிலிருந்து மேற்கே உள்வாங்கி இருக்கிறது. பிரதேச செயலகம், பாடசாலை, கொஞ்சம் கடைகள். ஏ-9 ஓரத்து மடவல உல்பத்த இன்னொரு சிறிய ஊர். இரண்டுக்கும் இடையே பஸ் போகும் வீதி உண்டு. அதை விட்டால் குன்றடிகளையும் வயல்களையும் ஊடறுத்துப் போகும் நடைத்தடங்கள் இருக்கின்றன. வயலுக்குப் போகிறவர்களும், பக்கத்து வீட்டு இழவுக்கும் கல்யாணத்துக்கும் போகிறவர்களும் இன்றும் அவற்றில்தான் நடக்கிறார்கள்.

அந்தத் தடங்களில் நடக்க நான் விரும்பியதற்குக் காரணம் ஏ-9 வீதிதான். நான் மாத்தளைத் தோட்டமொன்றில் பிறந்தவன். அந்த வீதியை பஸ் யன்னல் வழியாகப் பார்த்தே வளர்ந்தவன். மன்னாரில் கரையேறிய எங்கள் ஆட்கள் அதன் வழியாகத்தான் நடந்து வந்தார்கள் என்று அப்பாயி சொல்வாள். எந்த வருஷம், எந்தக் கங்காணியோடு, எத்தனை பேர் என்றெல்லாம் அவளுக்குத் தெரியாது. "சேத்துல நடந்து வந்த கூட்டம்டா நம்ம" என்பது மட்டும் தெரியும். இன்றைய ஏ-9 கறுத்து மினுங்கும் தார் வீதி. அதில் எவ்வளவு தூரம் நடந்தாலும் அப்பாயி சொன்ன சேறு காலில் ஒட்டாது. அது இன்னும் மிச்சமிருப்பது பக்கத்துக் கிராமங்களின் வயல்வழிகளில்தான். அதனால் வீதிக்கு வீதியாலே போகாமல், சேற்றின் வழியாகப் போய்ச் சேரலாம் என்று பல்லேபொலயில் இறங்கினேன்.

கடைத்தெரு முடிந்ததும் தடம் ஒரு மேட்டுக் காணிக்குள் ஏறுகிறது. கிளிசரியா மரங்களில் மிளகுக் கொடி, அதற்கு மேலே கமுகு, அதற்கும் மேலே பலா. மாத்தளை என்றால் வாசனைத் திரவியம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வது ஏ-9 ஓரத்து மூலிகைத் தோட்டங்களை வைத்து. உண்மையான மிளகு இப்படி வீட்டுக்குப் பின்னால், கோழிக்கூட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில்தான் காய்க்கிறது. மண் சிவப்பு. மழை விட்ட ஒரு மணி நேரத்தில் அதன் மேற்பரப்பு மட்டும் இளகி, கீழே கல்லாக இருக்கும். வழுக்குவது இந்த மண்தான். ஏறும்போது விரல் நுனியை ஊன்ற வேண்டும். இறங்கும்போது பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து, புல் முளைத்த இடமாகப் பார்த்து மிதிக்க வேண்டும். சப்பாத்து இங்கே பகை. அடியில் மண் அப்பி அப்பி, கொஞ்ச நேரத்தில் காலே நம்முடையதல்ல என்றாகிவிடும். என்னைக் கடந்து போனவர்கள் எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் கழற்றிவிட்டேன்.

குன்று முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் மண்ணின் நிறம் மாறுகிறது. இது கறுப்புச் சேறு. காலை உள்ளே எடுத்துக்கொள்ளும். முன்பு எருமைகள் உழக்கிய வயல்களை இப்போது லேண்ட்மாஸ்டர் உழுகிறது. அந்த இயந்திரம் வயலுக்கு வந்து போகும் வழியெல்லாம் இரட்டைத் தடமாய்ப் பள்ளம் விழுந்து முழங்கால் வரை சேறு நிற்கிறது. அதைத் தாண்டுவதற்காக வரப்பில் ஏறப் போனேன். தூரத்தில் நின்ற ஒரு முதிய பெண் கையை உயர்த்தினார்.

"ஒதனின் யன்ன எப்பா, புதே!" அந்த வழியால் போகாதே மகனே என்றார்.

கிட்டப் போய்ப் பார்த்தபோது விளங்கியது. வரப்பு அன்று காலைதான் பூசப்பட்டிருந்தது. விதைப்புக்கு முன் பழைய வரப்பின் புல்லைச் செதுக்கி, வயற்சேற்றை மண்வெட்டியால் அள்ளி அப்பி, வழித்து மெழுகுவார்கள். நண்டு துளைத்த பொந்துகள் அதில் அடைபடும். வயலில் நிறுத்திய தண்ணீர் கீழ் வயலுக்கு ஓடாமல் தங்கும். ஈரமாயிருக்கும்போது ஒருவர் மிதித்தால் அந்த இடத்தில் வெடிப்பு விழும். வெடிப்பு வழியே இரவோடு இரவாகத் தண்ணீர் போய்விடும். ஒரு மனிதர் முதுகு வளைத்துச் செய்த அரை நாள் வேலை அது. வெயிலில் பளபளத்த அந்த வரப்பில் மண்வெட்டியின் வீச்சு ஒவ்வொன்றும் அப்படியே தெரிந்தது. இவ்வளவு கச்சிதமான கைவேலையைக் கோயில் சுவரில்கூட நான் அதிகம் கண்டதில்லை.

அந்த அம்மா முன்னே நடந்து, வாய்க்கால் ஓரமாய் ஒரு சுற்றுவழியைக் காட்டினார். எங்கே போகிறேன் என்று கேட்டார். மடவல உல்பத்த என்றேன். பஸ் இருக்கிறதே என்றார். மாத்தளைத் தோட்டத்து ஆள் என்றும், எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் நடந்து வந்த வழியைப் பார்க்கப் போகிறேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, தன் பாட்டனார் காலத்தில் இந்த ஊர் ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய் வீதி வெட்ட வைத்தார்கள் என்று கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். அவர் சொன்ன "பாட்டனார் காலம்" எவ்வளவு பின்னோக்கிப் போகிறது என்று கணக்கிடத் தேவையில்லை. ஊர் நினைவில் பாட்டன் என்பது எல்லா முன்னோருக்கும் பொதுப்பெயர்.

அவர் சொன்னதற்குப் பின்னால் ஒரு சட்டமே இருக்கிறது. மன்னராட்சிக் காலத்து இராஜகாரிய ஊழியத்தை 1832இல் ஒழித்த அதே பிரித்தானிய அரசு, 1848இல் வீதிச் சட்டமொன்றைக் கொண்டுவந்தது. 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும். முடியாவிட்டால் 3 சிலிங் கட்ட வேண்டும். துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும்கூட அதே ஆண்டில் வரி வந்தது. அதற்கு முன்பே, 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் உறுதி காட்ட முடியாத காடும் சேனைக் காணியும் அரசுடைமையாகி, கோப்பிக்காரர்களுக்கு விலைபோயிருந்தன. கண்டிக் கிராமத்து மனிதனிடமிருந்து மேட்டுக் காணி போனது. அந்தக் காணியில் விளைந்த கோப்பியை இறக்க வீதி தேவைப்பட்டது. அந்த வீதிக்கு வேலை செய்யவும் அவனையே கூப்பிட்டார்கள்.

இவற்றுக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்தது. 1848 ஜூலை 26ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசராக முடிசூட்டப்பட்டார். 28ஆம் திகதி அவருடைய ஆட்கள் மாத்தளையில் இருந்தார்கள். கச்சேரியைத் தாக்கி வரிப் பதிவேடுகளை அழித்தார்கள். தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் இடையே ஏறக்குறைய 45 கிலோமீட்டர். பள்ளமும் மேடுமான வழியில், கூட்டமாக, இரண்டு நாளுக்குள் அந்தத் தூரத்தைக் கடந்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்து மண்ணில் அரை நாள் நடந்தவனுக்குத்தான் அந்த வேகத்தின் பொருள் தெரியும். கோபம் இல்லாமல் அப்படி நடக்க முடியாது. தேசாதிபதி டொரிங்டன் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். கிளர்ச்சியின் இன்னொரு தலைவரான வீர புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பண்டா எல்கடுவைப் பக்கத்தில் ஒளிந்திருந்து செப்டெம்பரில் பிடிபட்டு, பின்னர் மலாக்காவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

பாடசாலையில் இந்தக் கிளர்ச்சியை எங்களுக்குச் சிங்களவரின் வரலாறாகச் சொல்லித் தந்தார்கள். தோட்டத்துக்கு நடந்து வந்தவர்களின் கதையை எவரும் சொல்லித் தரவேயில்லை. இரண்டும் ஒரே வீதியில், ஒரே பத்தாண்டில் நடந்தவை. ஒருவன் தன் நிலத்தை விட்டு நடந்து வந்தான். இன்னொருவன் தன் நிலத்தில் நின்றபடியே அதை இழந்தான். இருவரின் உழைப்பும் போய்ச் சேர்ந்த கோப்பி மூட்டை ஒன்றுதான். அந்த அம்மாவிடம் இதையெல்லாம் என் சிங்களத்தில் முழுதாகச் சொல்ல வரவில்லை. "எகம கதாவ" என்றேன், ஒரே கதை. தலையாட்டினார்.

பிரியும்போது காலைக் கழுவிக்கொண்டு போகச் சொன்னார். காலில் வெட்டுக்காயம் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். அது வெறும் உபசாரமல்ல. மாத்தளை மாவட்டத்தில் விதைப்புக் காலம் என்றால் எலிக்காய்ச்சல் பயம் கூடவே வரும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றுத் தண்ணீரிலிருந்து சிறு கீறல் வழியே கிருமி உடம்பில் ஏறும். முதலில் சாதாரணக் காய்ச்சலும் தசை நோவும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தையும் ஈரலையும் பிடித்துவிடும். 2008இல் நாடு முழுவதும் 7,000 பேருக்கு மேல் இந்த நோய் கண்டது. மாத்தளை அப்போது மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒன்று. இப்போது போகம் தொடங்கும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் விவசாயிகளுக்கு டொக்சிசைக்ளின் குளிசை கொடுக்கிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டும். குளிசை போட்டீர்களா என்று கேட்டேன். இடுப்பில் செருகியிருந்த சிறிய பொலித்தீன் பையைத் தட்டிக் காட்டினார்.

அதன் பிறகு ஒரு ஓயா. பெரிய ஆறல்ல. வேனிலில் பிள்ளைகள் தாண்டிக் குதிக்கும் அகலம். மழையில் அது நிறம் மாறி, மூங்கில் புதர்களை அடியோடு அசைத்துக்கொண்டு போகிறது. குறுக்கே இரண்டு தென்னை மரங்களைப் போட்டு, பிடிக்க ஒரு கம்பி கட்டியிருக்கிறார்கள். ஏதண்ட என்பார்கள். மரத்தின் மேற்பகுதியைக் கோடரியால் கொத்திக் கரடாக்கியிருந்தார்கள், கால் வழுக்காமலிருக்க. ஒரு பாடசாலைச் சிறுமி புத்தகப் பையைத் தலையில் வைத்தபடி எனக்கு எதிரே வந்து, நான் கடந்து முடிக்கும் வரை அக்கரையில் பொறுமையாக நின்றாள். இந்தக் கரையில்தான் அட்டைகளும். ஈர இலைகளுக்கு மேலே எழுந்து நின்று ஆடும். சவர்க்காரத்தை ஈரமாக்கிக் கணுக்கால் முழுவதும் பூசிக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. ஏறிவிட்டால் உப்பு அல்லது தேசிக்காய்ச் சாறு. பிய்த்து எடுக்கக் கூடாது, புண் ஆறாது. இது தோட்டத்தில் எல்லாக் குழந்தைகளும் எழுத்துக்கு முன் கற்கும் பாடம்.

மடவல உல்பத்தையில் வீதியைத் தொட்டபோது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. ஒரு தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கினேன். கடைக்காரர் தமிழ் பேசும் முஸ்லிம் பெரியவர்.

"எங்கிருந்து தம்பி, இப்படிக் காலோட?"

"பல்லேபொலயிலிருந்து நானா. வயல் வழியா."

"நடந்தா? முதல்ல கால கழுவுங்க. பின்னுக்கு பைப் இருக்கு. தேத்தண்ணி போடுறன்."

இஞ்சி போட்ட பிளேன்டீயும், கடித்துக்கொள்ள ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டியும் வந்தன. பேச்சு நடையின் பக்கமே திரும்பியது. சில வருஷங்களுக்கு முன் மன்னாரிலிருந்து ஒரு கூட்டம் நடந்து வந்ததே, தெரியுமா என்று அவரே கேட்டார். தெரியும். மலையகத்துக்கு எம்மவர் வந்து 200 ஆண்டு நிறைவை ஒட்டி, 2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபவனி அது. 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் பல அமைப்புகள் சேர்ந்து நடத்தின. சுமார் 250 கிலோமீட்டர். வழியில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் தண்ணீர் கொடுத்தார்கள், கோயிலிலும் பள்ளியிலும் விகாரையிலும் தங்க இடம் கொடுத்தார்கள். காணி, வீடு, நியாயமான சம்பளம், சமமான குடியுரிமை என்று அவர்கள் கேட்டவை எல்லாம் நியாயமானவை. எனக்கு அவற்றைவிடப் பெரிதாகப்பட்டது, அந்த நடையே. எங்கள் மக்கள் இந்த வீதியில் நடந்தார்கள் என்பதை நாடு முதன்முறையாக நின்று பார்த்தது அப்போதுதான்.

அந்தப் பழைய நடையைச் சொல்லாமல் இந்தச் சேற்றைப் பற்றி எழுதிப் பயனில்லை. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கியதிலிருந்து, திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம் பக்கங்களில் பஞ்சமும் கடனும் துரத்திய மக்களை ஆள்கட்டிக் கங்காணிகள் கூட்டிவந்தார்கள். சிறு தோணிகளில் மன்னார்க் கரை. அங்கிருந்து வரண்ட காடு, பிறகு தம்புள்ளை, நாலந்தா, கடைசியில் மாத்தளை. கோப்பி பறிப்பு ஒரு பருவத்து வேலை என்பதால், பறிப்பு முடிந்து கையில் கொஞ்சம் காசோடு அதே வழியாகத் திரும்பியும் நடந்தார்கள். அடுத்த ஆண்டு மறுபடி. கோப்பி பழுப்பது ஆண்டின் கடைசி மாதங்களில். ஆகவே அவர்கள் மலைக்கு வந்து சேர்ந்ததும் இந்தப் பக்கத்தின் மழைக்காலமும் அடுத்தடுத்து வந்தன. உடம்பில் பாதி உயிரோடு நாலந்தாவைத் தாண்டியவர்களுக்குக் கடைசியாகக் காத்திருந்தது இந்தச் சேறும் குளிரும் அட்டையும்தான்.

நாலந்தாவில் ஒரு கல்மண்டபம் இருக்கிறது, கெடிகே என்பார்கள். பல்லவர் பாணியில் எழுந்த பௌத்தக் கோயில். மகாவலித் திட்டத்தின் போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மறுபடி அடுக்கி, 1980இல் முடித்தார்கள். கல்லுக்கு அந்தக் கவனம் கிடைத்தது சரியே. அதே சுற்றுவட்டாரத்தில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் விழுந்து, தூக்க ஆளில்லாமல் வழியோரத்தில் விடப்பட்டவர்களுக்கு ஒரு கல்லும் நடப்படவில்லை. 1841 முதல் 1849 வரையான காலத்தில் ஏறக்குறைய 70,000 பேர் இறந்திருப்பார்கள் என்று அன்றைய கொழும்புப் பத்திரிகையொன்று மதிப்பிட்டது. வந்தவர்களில் நாலில் ஒரு பங்கு. அந்தக் கணக்கைப் பற்றி ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. வாதத்தில் எண்ணிக்கை குறையலாம். வழியெல்லாம் எலும்பு கிடந்தது என்ற எங்கள் வீட்டுப் பேச்சு குறையவில்லை.

1880இல் கண்டியிலிருந்து மாத்தளைக்கு ரயில் வந்தது. கோப்பியை ஏற்றத்தான் வந்தது. ஆனால் 1869இல் இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்ட இலைத்துரு நோய் அதற்குள் கோப்பியைத் தின்று முடிக்கும் நிலைக்கு வந்திருந்தது. பிறகு தேயிலை. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும். திரும்பி நடந்த மக்கள் அதன் பிறகு திரும்பவில்லை, லயன்களில் தங்கிவிட்டார்கள். 1914இல் தலைமன்னார் வரை ரயில் போட்டு தனுஷ்கோடிக் கப்பலோடு இணைத்தார்கள். மன்னாரிலிருந்து காலால் வந்த காலம் அதற்கு முன்பே முடிந்திருந்தது. அந்த ரயிலும் கப்பலும் பின்னர் எதிர்த்திசையில் பயன்பட்டதையும் நாங்கள் மறக்க முடியாது. 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. என் அப்பாவின் அக்கா குடும்பம் தலைமன்னாரில்தான் கப்பலேறியது. நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே கரையில் பெட்டியோடு நின்றார்கள்.

மழை விடவில்லை. மாத்தளை பஸ்ஸில் ஏறினேன். பலாபத்வல கடந்து, திரிபிடகம் எழுத்தில் ஏறிய அலுவிகாரை கடந்து, நகருக்குள் நுழைந்தால் முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடி இராஜகோபுரம். நடந்து வந்தவர்கள் காடு கடந்த நன்றியில் கும்பிட்டு நின்ற இடம் இது என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். இங்கிருந்துதான் கங்காணிகள் ஆட்களைப் பிரித்து, ஒவ்வொரு தோட்டத்துக்கும் கொண்டுபோனார்கள். 1983 ஜூலையில் கோயிலையும் தேர்களையும் எரித்தார்கள். மக்கள் திரும்பக் கட்டினார்கள். மாசி மகத்தில் ஐந்து தேர்கள் இப்போதும் வீதியில் இறங்குகின்றன. தேர் நாளில் மாத்தளை வீதி முழுவதையும் எங்கள் ஆட்கள் நிரப்பி நடப்பார்கள். ஆண்டில் அந்த ஒரு நாளாவது வீதி யாருக்கென்ற கேள்வி எழுவதில்லை.

அன்றிரவு தோட்டத்தில் அத்தை வீட்டில் தங்கினேன். பிரதான வீதியிலிருந்து லயத்துக்கு ஏறும் வழி, பல்லேபொலயில் நான் ஏறிய மேட்டைவிட மோசம். இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கிராமத்துப் பாதை பிரதேச சபையின் பொறுப்பு. கேட்டால் இன்றில்லாவிட்டாலும் ஒருநாள் கொங்கிரீட் வரும். அந்த அம்மாவின் ஊரிலேயே வீடுகளுக்கு முன்னால் பாதித் தூரத்துக்குப் போட்டிருந்தார்கள். தோட்டத்துப் பாதையோ கம்பனிக் காணிக்குள் கிடப்பது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவை வைத்து, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியில் எதுவும் செய்ய முடியாது என்று 30 ஆண்டுக்கு மேலாகச் சொல்லிவந்தார்கள். நாங்கள் அந்தச் சபைகளுக்கு வாக்குப் போட்டோம். எங்கள் வாக்கில் உறுப்பினர்கள் வந்தார்கள். பாதை மட்டும் வரவில்லை. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள்.

"திருத்தி என்னடா ஆச்சு? போன வெயிலுக்கு ரெண்டு பேர் வந்து நாடா புடிச்சு அளந்தாங்க. பெறகு காணோம்" என்றாள் அத்தை. போன மாதம் பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணைக் கதிரையில் உட்கார வைத்து, நான்கு பேர் தூக்கிக்கொண்டு இந்தச் சேற்றில் இறங்கியிருக்கிறார்கள். ஆட்டோ மேலே வரவில்லை. தாயும் பிள்ளையும் நலம்.

லயத்தில் வீட்டுக்கு ஒருவர் கையெழுத்துப் போட்ட மனு மேசையில் இருந்தது. தமிழில் எழுதியிருந்தார்கள். சிங்களத்திலும் ஒரு பிரதி வேண்டுமென்றாள் அத்தை. நான் உட்கார்ந்து எழுதினேன். எத்தனை மீட்டர், எத்தனை வீடு, எத்தனை பள்ளிப் பிள்ளைகள் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதி முடித்தபோது, 2018 திருத்தத்தையும் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அவளே கொண்டுபோய்க் கொடுக்கிறாள்.